தாத்தாவின் தாத்தா விட்டுவந்த ஊரும் பெயரும்: தேடலை எங்கிருந்து தொடங்குவது?

கம்பம்பள்ளத்தான்:

பெரியோர் அனைவருக்கும் வணக்கம். என் தாத்தாவின் தாத்தாவைப் பற்றிய தேடலில் இரண்டு ஆண்டுகளாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பம் ஐந்து தலைமுறையாகக் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வேளாண்மை செய்து வருகிறது. ஆனால் நாங்கள் அந்த ஊரின் பூர்வகுடிகள் அல்லர் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கோயில் வரி நோட்டில் எங்கள் தலைக்கட்டுகளை (வரி கட்டும் குடும்பங்களை) இன்றும் கடைசிப் பக்கத்தில் தனியாகத்தான் எழுதுகிறார்கள்.

வாய்வழியாக வந்த செய்தி இவ்வளவுதான்: தாது வருஷப் பஞ்சத்தின்போதோ (1876–78), அது முடிந்த கையோடோ, இருபது வயது கடந்த இளைஞராகத் தெற்கேயிருந்து தனியாக வந்தார், வந்த இடத்தில் பெயரை மாற்றிக்கொண்டார், பழைய ஊரின் பெயரைச் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. ஏன் மாற்றினார் என்பதற்கு வீட்டில் மூன்று கதைகள் உண்டு. கடன் கொடுத்தவருக்குப் பயந்து என்பது ஒன்று. தண்ணீர்த் தகராறில் ஒருவருடைய மண்டை உடைந்ததால் என்பது இன்னொன்று. கண்டிச் சீமைக்கு (இலங்கைத் தோட்டங்களுக்கு) ஆள் சேர்த்த கங்காணியிடம் முன்பணம் வாங்கிவிட்டுப் போகாமல் தப்பியதால் என்பது மூன்றாவது. சொல்பவருடைய மனநிலையைப் பொறுத்துக் கதை மாறும்.

கையிலுள்ள எழுத்துச் சான்று ஒன்றே ஒன்று. ௲௮௱௯௰௭௵, அதாவது 1897இல், ஏவிளம்பி வருடம் ஆவணி மாதம் எழுதிப் பதிவு செய்த கிரயப் பத்திரம் அது. வாங்குபவர் ‘சுடலையாண்டி குமாரர் வேலாயுதம்’ என்று இருக்கிறது. அவர் வசிக்கும் ஊராக எங்கள் இப்போதைய கிராமமே குறிக்கப்பட்டுள்ளது; பூர்வீகம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

குடும்ப வரிசையையும் எழுதிவிடுகிறேன். வேலாயுதத்துக்கு மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த மூத்த மகன் பெயர் சுடலையாண்டி. இந்தச் சுடலையாண்டியின் பிள்ளைகளில் மூத்தவர் பலவேசம், அடுத்தவர் என் தாத்தா வேலாயுதம், கடைசி என் அத்தைப் பாட்டி. தொண்ணூறைத் தாண்டிய அத்தைப் பாட்டி ஒருவர்தான் இன்று இருக்கிறார். பெரிய தாத்தாவைப் பலவேசம் என்று வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்திலும் பட்டாவிலும்தான் அந்தப் பெயர்; வீட்டில் அவர் ‘பெரியதம்பி’. என் தாத்தாவையோ அவருடைய தாயார், ‘ஏ, வேலாயுதம்!’ என்று வயலின் மறுகோடிவரை கேட்கும்படி கூப்பிடுவாராம். இதையெல்லாம் எதற்காக எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை; தெரிந்தவற்றை விடாமல் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

ஆவணக் காப்பகம் ஒன்றுக்குச் சென்று கேட்டபோது, ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் இல்லாமல் எந்தக் கட்டை எடுத்துத் தருவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறும் இல்லை. 1871, 1881 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடலாமா? அல்லது நில ஆவணங்களிலிருந்து தொடங்குவதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பத்திரஎழுத்தர்_ஓய்வு:

தம்பிக்கு வணக்கம். முதலில் இரண்டு வழிகளை அடைத்துவிடுகிறேன். அவற்றில் நடந்து காலத்தை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுவீடாக நிரப்பப்பட்ட தாள்கள், தொகை கூட்டி முடித்தபின் அழிக்கப்பட்டுவிட்டன. இன்று கிடைப்பவை அச்சான தொகைப் பட்டியல்கள். அவற்றில் தனிமனிதர் பெயர் இருக்காது. பிறப்புப் பதிவும் உங்களுக்கு உதவாது. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899இல்தான் வந்தது. உங்கள் முன்னோர் பிறந்தது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பாக இருக்க வேண்டும்.

ஆகவே நிலம்தான். விவசாயி தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஊரை மறைக்கலாம். ஆனால் நிலத்தை வாங்கவும் விற்கவும் அடமானம் வைக்கவும் எங்காவது ஓரிடத்தில் கீறலாவது போட்டே ஆக வேண்டும்.

உங்களிடம் உள்ள பத்திரத்தில் அவர் வாங்குபவர். வாங்குபவரைப் பற்றி எழுத்தர் அதிகம் கேட்பதில்லை. பணம் வந்தால் போதும். அவர் எழுதிக்கொடுத்தவராக இருக்கும் பத்திரம் அதைவிடப் பத்து மடங்கு பேசும். ஏனெனில் எழுதிக்கொடுப்பவர் இன்னார்தான் என்று சார்பதிவாளருக்கு அடையாளம் காட்ட ஆட்கள் வேண்டும். அவர்களுடைய பெயர், தகப்பனார் பெயர், ஊர் ஆகியவை பத்திரத்தின் பின்பக்கத்தில் மேலெழுத்தாக ஏறும். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவருக்குப் பெரும்பாலும் அதே திசையிலிருந்து வந்த இன்னொருவர்தான் அடையாளம் காட்டுவார். உங்கள் முன்னோர் 1897க்குப் பிறகு ஒருமுறையாவது அடமானம் வைத்திருப்பார். மழையை நம்பியவர் வைக்காமல் இருந்திருக்க முடியாது. அந்தப் பத்திரத்தின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைக் கவனமாகப் படியுங்கள்.

எப்படித் தேடுவது என்றால், பதிவு அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்கள் நகலெடுக்கப்படும் முதல் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணை எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர் வரிசையிலானது. இரண்டாவது சொத்து வரிசையிலானது. இரண்டையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கணினியில் வரும் வில்லங்கச் சான்றை நம்பி உட்கார வேண்டாம். அது உங்கள் முன்னோரின் காலம்வரை போகாது. கையால் தேடும்படி மனுச் செய்யுங்கள். ஒன்றை மறக்கக் கூடாது: 1864ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி 1865 முதல் பதிவு நடைமுறை இருந்தாலும், நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிவது கட்டாயமாக இருக்கவில்லை. சிறு விவசாயியின் முதல் நிலம் பல சமயம் பதிவேட்டுக்கு வராது.

அப்படி வராத முதல் நிலத்தைத் தர்காஸ்தில் தேட வேண்டும். ரயத்துவாரி ஊர்களில், அதாவது விவசாயியே நேரடியாக அரசுக்குத் தீர்வை கட்டும் ஊர்களில், நிலத்தை விட்டுப்போகிறவர் ராஜினாமா எழுதிக் கொடுப்பார். தரிசாகக் கிடக்கும் அரசு நிலத்தைக் கேட்பவர் தர்காஸ்து மனுக் கொடுப்பார். பஞ்சத்தில் கலைந்துபோன விவசாயியின் வாழ்க்கை பெரும்பாலும் இந்த இரண்டு சொற்களுக்கு இடையில்தான் இருக்கும்: ஓர் ஊரில் ராஜினாமா, இன்னோர் ஊரில் தர்காஸ்து. கம்பம் பள்ளத்தாக்கின் பழைய கணக்குகளை மதுரை மாவட்டம் பெரியகுளம் தாலூகா என்ற தலைப்பில் கேளுங்கள். தேனி என்று கேட்டால் எதுவும் வராது. போடிநாயக்கனூர், கண்டமனூர் போன்றவை ஜமீன்கள் என்பதால் அந்தப் பக்கத்து ஊர்களின் கணக்கு வேறு விதமாக இருக்கும். உங்கள் ஊர் ரயத்துவாரியா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ரயத்துவாரி என்றால் செட்டில்மெண்ட் பதிவேட்டில் சர்வே எண், அதற்கு முந்தைய பைமாஷ் (பழைய நில அளவை) எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். உங்கள் ஊரின் பழைய கர்ணம் (கிராமக் கணக்கர்) குடும்பத்தாரையும் ஒருமுறை பாருங்கள். பரம்பரைக் கிராம அலுவலர் முறை 1980இல் ஒழிக்கப்பட்டபோது எல்லாக் கட்டுகளும் தாலூகா அலுவலகத்துக்குப் போய்விடவில்லை. பரண்மேல் துணியில் சுற்றிக் கிடப்பவை இன்னும் உண்டு.

கடைசியாக, நாற்பது ஆண்டு பத்திரம் எழுதியவன் என்ற முறையில் ஒரே ஒரு சொல்லைத் தேடச் சொல்வேன். ‘என்கிற’ என்பதே அந்தச் சொல். ஒருவருக்கு இரண்டு பெயர் இருந்து, அந்த இரண்டும் சொத்தில் மோதிக்கொள்ளும் இடத்தில் மட்டும் எழுத்தர் ‘இன்னார் என்கிற இன்னார்’ என்று எழுதுவார். உங்கள் முன்னோருக்குப் பழைய ஊரில் பிதிரார்ஜிதப் பங்கு, அதாவது தகப்பன்வழிச் சொத்தில் பங்கு, ஏதேனும் இருந்திருந்தால், அவருடைய அண்ணன் தம்பிகள் அதை நிம்மதியாக அனுபவிப்பதற்கு அவர் தம் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருப்பார்கள். அந்தப் பத்திரம் உத்தமபாளையத்தில் இருக்காது. பழைய ஊருக்குரிய அலுவலகத்தில் இருக்கும். அந்தப் பழைய ஊர்தானே தெரியவில்லை என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதற்கு என்னிடம் விடை இல்லை.

பொருநைமகள்:

ஐயா அடைத்த வழிகளும் திறந்த வழிகளும் சரியானவை. ஆனால் கேள்வி கேட்டவர், எதற்காக எழுதுகிறேன் என்று தெரியவில்லை என்று சொல்லிக் கடைசியில் சேர்த்த அந்த ஐந்தாறு வரிகளில்தான் விடையின் பாதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். உங்கள் குடும்பமும் அந்த வழக்கத்தைப் பிடித்திருக்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. பத்திரத்தில் வேலாயுதத்தின் தகப்பனார் சுடலையாண்டி. வேலாயுதத்தின் மூத்த மகனும் சுடலையாண்டி. தன் பெயரை மாற்றிக்கொண்டவர் தகப்பன் பெயரை மாற்றவில்லை. பலரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். தன் பெயரை விடுவது வேறு, தகப்பனை விடுவது வேறு. சரி, அடுத்த தலைமுறைக்கு வருவோம். சுடலையாண்டியின் மூத்த மகனுக்கு, அதே வழக்கப்படி, அவனுடைய தாத்தாவின் பெயர் வந்திருக்க வேண்டும். வேலாயுதம் என்றல்லவா வைத்திருக்க வேண்டும்? மூத்தவருக்குப் பலவேசம் என்று வைத்துவிட்டு, வேலாயுதம் என்பதை இரண்டாமவருக்குத் தள்ளியது ஏன்?

இப்போது அந்தத் தாயாரை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு மருமகள் மாமனாரின் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டால், பெற்ற பிள்ளையைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். ராசா, ஐயா, பெரியவன் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பாள். எங்கள் வீட்டிலும் என் தந்தையாரை அவருடைய தாயார் கடைசிவரை ‘எய்யா’ என்றே கூப்பிட்டார். பெயர் அவருடைய மாமனாருடையது. உங்கள் குடும்பத்துத் தாயார் ‘வேலாயுதம்’ என்று வயல் முழுக்கக் கேட்கக் கூவியிருக்கிறார். அது உண்மையில் மாமனார் பெயராக இருந்திருந்தால் அப்படிக் கூவியிருக்கமாட்டார். அவர் வாய் கூசிய பெயர் பலவேசம். ஊருக்குத் தெரிந்த பெயர் எது, வீட்டுக்குத் தெரிந்த பெயர் எது என்பதை அந்த அம்மாள் தம் நாவினாலேயே பிரித்துக் காட்டியிருக்கிறார். உங்கள் முன்னோர் விட்ட பெயர் பலவேசம் என்பது என் துணிபு.

அந்தப் பெயர் திசையையும் சொல்கிறது. சுடலை, மாடன், இசக்கி, பேச்சி, பலவேசம் ஆகிய பெயர்கள் செறிந்திருப்பது பழைய திருநெல்வேலி ஜில்லா, அதிலும் அதன் தென்பகுதி. எங்கள் பக்கத்தில் சுடலைமாடனுக்கே பலவேசக்காரன் என்று ஒரு பெயர் உண்டு. பல வேடம் போடுபவன் என்று பொருள் கொள்ளலாம். பெயர் மாற்றி வாழ்ந்தவருக்கு இயற்பெயரே அப்படி அமைந்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

மூலவோலை:

பொருநைமகள் அம்மையாரின் வாதம் அழகானது என்பதாலேயே சற்று நிதானிக்கச் சொல்கிறேன். மூத்த பேரனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரை வைக்கும் குடும்பங்களும் உண்டு. மருமகள் எந்தப் பெயரைச் சொல்லவில்லை என்பது வலுவான குறிப்பு. ஆயினும் அந்தத் தாயாரின் தகப்பனார் பெயர் என்ன என்று விசாரித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

பழைய பத்திரங்களைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஓலையிலும் அந்தப் பழக்கத்தில் எழுதிய தாளிலும் புள்ளி இருக்காது. ‘ர’வும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். தமிழ் எண்களில் ௧ என்பது ககரம், ௭ என்பது எகரம், ௮ என்பது அகரம் போலத் தோன்றும். ஒரு வயலின் எண்ணை ஆளின் தலைப்பெழுத்து என்று எண்ணி ஓராண்டு வேறொரு குடும்பத்தைத் துரத்தியவன் நான். திருநெல்வேலிப் பக்கத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வரும். 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டுக்கு அருகில் வரலாம், ஆவணி முதல் மார்கழி நடுவரையிலான நாட்களுக்கு 824 போதும். வருவாய்க் கணக்கில் பசலி என்ற வருவாய் ஆண்டு வரும். அதற்கு 590ஐக் கூட்ட வேண்டும். பசலி ஆண்டு ஜூலையில் பிறக்கும் என்பதால் தாது வருஷத்துக் கணக்கு பசலி 1286இல் இருக்கும்.

கண்டிக் கதையைத் துரத்த வேண்டாம் என்பது என் கருத்து. கங்காணி வழியாக இலங்கைக்குப் போனவர்களுக்கு, ஒப்பந்தக் கூலிகளுக்கு இருந்ததுபோல ஆள்வாரியான பதிவேடு இல்லை. மொரீசியசுக்கோ தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்கோ கப்பல் ஏறியிருந்தால் அவருடைய பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலூகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்புவரை எழுதி வைத்திருப்பார்கள். கடல் கடந்து போனவரை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். நாலைந்து நாள் நடைத் தொலைவில் குடியேறியவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம் என்பது இந்தத் தேடல்களில் நான் கண்ட விந்தை.

கம்பம்பள்ளத்தான்:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருவதற்குக் காரணம், அத்தைப் பாட்டியிடம் ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்க முடியாது என்பதே. வரிசையாகக் கேள்வி கேட்டால் ‘மறந்துபோச்சு’ என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். அவரை மொச்சை உரிக்கவிட்டு எதிரில் அமர்ந்து கேட்டேன்.

மூலவோலை ஐயா கேட்டதற்கு முதலில் பதில்: தாய்வழித் தாத்தாவின் பெயர் பலவேசம் அன்று, அது வேறு பெயர், மூன்றாவது மகனுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. தம் தாயார் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதது ஏன் என்று கேட்டபோது அத்தைப் பாட்டி, ‘மாமனார் பேரை எப்படிச் சொல்லும்?’ என்றார். மாமனார் பெயர் வேலாயுதம் அல்லவா என்று கேட்டேன். மொச்சைத் தோலைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தார். ‘அது ஊருக்கு’ என்றார். தொண்ணூறு ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்னொரு செய்தியும் கிடைத்தது. எங்கள் பழைய வயலின் வரப்பில், புளியமரத்தடியில் ஒற்றைக் கல் ஒன்று உண்டு. ஆண்டுக்கொரு முறை, பங்குனி உத்திரத்தன்று, அதற்குப் பால் ஊற்றிப் பொங்கல் வைப்போம். எங்கள் ஊரில் வேறு யாரும் அந்த நாளில் அப்படிச் செய்வதில்லை; ஏன் செய்கிறோம் என்று நாங்களும் கேட்டதில்லை. அந்தக் கல்லைப் பாட்டனார் நட்ட விவரத்தை அத்தைப் பாட்டி தம் தாயார் வழியாகக் கேட்டிருக்கிறார். மூன்று பெண்களுக்குப் பிறகு மகன் பிறந்ததும், யாரிடமும் சொல்லாமல் அவர் பதினைந்து இருபது நாள் காணாமல் போய்விட்டாராம். திரும்பி வரும்போது வேட்டி முனையில் மண் முடிந்து கொண்டுவந்து, குழி தோண்டிப் போட்டு, அதன்மேல் கல்லை நட்டிருக்கிறார். ‘குங்குமம் மாதிரி சிவப்பு மணல்’ என்று தாயார் சொல்லுவாராம். எங்கள் வயல் மண் கறுப்பு. கல்லின் ஓரத்தில் ஒரு சாண் ஆழம் கையால் கிளறிப் பார்த்தேன். கறுப்புக்கு நடுவே செங்கல் பொடிபோலச் சிவப்பாக மெல்லிய மணல் படிவு இருக்கிறது. மேற்கொண்டு தோண்ட மனம் வரவில்லை, மூடிவிட்டேன்.

அந்த மகன், சின்னவர் சுடலையாண்டி, பிறந்தது 1896 வாக்கில்.

பத்திரஎழுத்தர்_ஓய்வு:

இதைப் படித்ததும் உங்கள் 1897ஆம் ஆண்டுப் பத்திரம் எனக்கு வேறாகத் தெரிகிறது. பெரியாற்று அணையின் தண்ணீர் 1895இல் வந்தது. அதையொட்டிப் பள்ளத்தாக்கில் நிலத்துக்கு மதிப்பு ஏறிய நேரம் அது. அப்படிப்பட்ட நேரத்தில், தரிசைத் திருத்திப் பிழைத்த ஒருவர் பதிவு செய்யும் அளவுக்கு ஒரு கிரயம் வாங்குகிறார் என்றால் பணம் எங்கிருந்து வந்தது? மகன் பிறந்ததும் பழைய ஊருக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்த கையோடு நிலம் வாங்கியிருக்கிறார். பங்கை உடன்பிறந்தாருக்கு விட்டுக்கொடுத்து ரொக்கம் வாங்கி வந்திருக்கலாம் என்றுதான் என் தொழில்புத்தி சொல்கிறது. அப்படியானால் நான் சொன்ன விடுதலைப் பத்திரத்துக்கு இப்போது ஆண்டு கிடைத்துவிட்டது: 1896, 1897. தேட வேண்டிய பெயரும் கிடைத்துவிட்டது: பலவேசம் என்கிற வேலாயுதம், அல்லது வேலாயுதம் என்கிற பலவேசம். அட்டவணையில் இரண்டு எழுத்திலும் பார்க்க வேண்டும். பழைய ஊரில் அவரை யாரும் வேலாயுதம் என்று அறிந்திருக்கமாட்டார்கள் என்பதால், வெறும் பலவேசம் என்று இருந்தாலும் வியப்பில்லை.

கடன், அடிதடி ஆகிய கதைகளை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். இருபது ஆண்டு கழித்து மண்ணெடுக்கத் தானே திரும்பிப் போனவர், முகம் காட்ட முடியாத குற்றம் செய்தவராக எனக்குத் தோன்றவில்லை.

பொருநைமகள்:

‘அது ஊருக்கு’ என்ற சொல்லைப் படித்து வெகுநேரம் அமைதியாக இருந்தேன். அத்தைப் பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் கண்டது பிடிமண். குலதெய்வக் கோயிலுக்குப் போய்வர முடியாத தூரத்தில் குடியேறியவர்கள், மூலக் கோயிலில் ஒரு பிடி மண்ணெடுத்து வந்து, இருக்கும் இடத்தில் நிலையம் போட்டுக் கும்பிடுவார்கள். பங்குனி உத்திரம் எங்கள் பக்கத்தில் சாஸ்தாவுக்கு உரிய நாள். எந்த ஊரில் பிழைத்தாலும் அன்றைக்குத் தங்கள் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் அன்று பேருந்தில் நிற்க இடம் இருக்காது. மற்றபடி குலதெய்வ வழிபாட்டை மாசிச் சிவராத்திரியில் வைத்துக்கொள்ளும் பக்கங்களும் உண்டு. ஆகவே நாளும் பெயரும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

மண் அதைவிடத் துல்லியமாகக் காட்டுகிறது. குங்குமம்போன்ற சிவப்பு மெல்லிய மணல் என்றால் எங்களுக்கு உடனே நினைவுக்கு வருவது தேரி. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கங்களில் மைல் கணக்கில் குன்று குன்றாகக் கிடக்கும் செம்மணல் மேடுகளைத் தேரி என்போம். காற்று பலமாக வீசும் நாளில் மேடு இடம் மாறும். பனையைத் தவிர மற்றதை அவ்வளவாக வளரவிடாத மண். அங்கே மானாவாரி வைத்தவர்களுக்குத் தாது வருஷம் எப்படி இருந்திருக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பகுதி தென்கரைத் தாலூகாவில் இருந்தது. பழைய கணக்கை அந்தப் பெயரில் கேட்க வேண்டும். அருகிலேயே திருச்செந்தூர் முருகன் இருக்கும்போது, புதுப்பெயராக வேலாயுதத்தைத் தேர்ந்தெடுத்ததும் எனக்கு இயல்பாகவே படுகிறது.

இனி எந்தச் சாஸ்தா என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கத்தில் சாஸ்தாவின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பார்கள். அருஞ்சுனை என்று பெயர் இருந்தால் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார், கற்குவேல் என்றால் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார், சொரிமுத்து என்றால் காரையாறு சொரிமுத்து அய்யனார் என்று பெயரைக் கேட்டதுமே கோயிலைச் சொல்லிவிடலாம். உங்கள் குடும்ப வரிசையில் இப்படி ஒரு பெயரும் தென்படவில்லை. ஆனால் நீங்கள் எழுதியது வளர்ந்து ஆளானவர்களின் வரிசை மட்டுமே. பிறந்து இறந்த குழந்தைகளின் பெயர்களை யாரும் வரிசையில் சேர்ப்பதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். அத்தைப் பாட்டியிடம் அதையும் கேளுங்கள். மெதுவாகக் கேளுங்கள்.

கம்பம்பள்ளத்தான்:

கேட்டேன். சின்னவர் சுடலையாண்டிக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறார். ஏழு வயதில் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் இறந்துவிட்டாராம். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பேசிக் கேட்டதில்லை. பெயர் கற்குவேல்.

திருச்செந்தூர்ப் பக்கத்துப் பதிவு அலுவலகத்தில், 1896, 1897 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குப் பெயர் அட்டவணையைத் தேட மனு எழுதிவிட்டேன். பங்குனி உத்திரத்துக்குத் தேரிக்குடியிருப்புக்குப் போகிறோம். கோயிலில் வரி எழுதுபவரிடம் பலவேசம், சுடலையாண்டி என்ற இரண்டு பெயர்களும் தலைமுறை விட்டுத் தலைமுறை மாறிவரும் தலைக்கட்டு எது என்று கேட்க எண்ணம். அத்தைப் பாட்டியும் வருகிறேன் என்கிறார். அவ்வளவு தூரம் அவரை எப்படி அழைத்துப் போவது என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.